கடலோர வீட்டில் கத்தியும் அருவாமனையும்: துருவை எடுப்பதும் திரும்ப வராமல் பார்ப்பதும்

தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, மண்டபம், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் என்று கடலை ஒட்டிய எந்த ஊர்ச் சமையலறையிலும் ஒரே குறைதான். நேற்று இரவு கழுவித் துடைத்து வைத்த கத்தியில் காலையில் செம்பொட்டு. எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தேய்க்கிறார்கள், பளிச்சென்று ஆகிறது, மூன்றாம் நாள் முன்பைவிட அதிகமாகப் பிடிக்கிறது. மட்டமான இரும்பு என்று கத்தியைத் திட்டிவிட்டுப் புதிது வாங்குகிறார்கள். அதற்கும் அதே கதி.

பெரும்பாலும் கத்தியில் குற்றமில்லை. அதன்மேல் உட்கார்ந்திருக்கும் உப்புதான் காரணம். சாப்பாட்டு உப்பான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டும்போது கசியத் தொடங்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கோ 33 சதவீத ஈரப்பதமே போதும். ஆகவே கடற்காற்று படிந்த கத்தி, கைக்கு உலர்ந்ததாகத் தெரியும்போதும் மெல்லிய உப்புநீர்ப் படலத்துக்குள்தான் இருக்கிறது. இரும்பு எப்படி அரிக்கிறது என்று சோதிக்க காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் மண்டபத்தில் ஒரு சோதனைக்கூடம் வைத்திருப்பதும் இந்தக் காற்றுக்காகத்தான்.

அதனால் இங்கே வேலையின் வரிசை முக்கியம். முதலில் உப்பு வெளியே போக வேண்டும், பிறகு துரு, பிறகு துருவை எடுக்கப் போட்ட அமிலம், பிறகு தண்ணீர். எண்ணெய் கடைசியில். நடுவில் ஒன்றை விட்டால் மற்ற எல்லாம் வீண்.

1. துருவா, கருப்பா என்று பார்த்துக்கொள்ளுங்கள்

பட்டறைக் கத்தியில் மாங்காய், வெங்காயம், புளிச்ச காய் நறுக்க நறுக்க ஒரு சாம்பல் கருப்பு ஏறும். சில இடங்களில் நீலம் பாய்ந்த மாதிரியும் இருக்கும். இது துரு இல்லை. இரும்போடு ஒட்டிக்கொண்டு அதற்கு ஓரளவு காவலாக இருக்கும் படலம் இது. புதிதாகப் பழகுபவர்கள் முதலில் செய்யும் தவறே, இதையும் சேர்த்துச் சுரண்டிவிட்டு மொட்டை இரும்பைக் காற்றுக்குக் காட்டுவதுதான்.

வெள்ளைத் துணியில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு அலகில் அழுத்தித் துடையுங்கள். செங்காவியாக வந்தால் துரு. லேசான சாம்பல் மட்டும் வந்தால் விட்டுவிடலாம். துரு என்று தெரிந்தால் நகத்தால் வருடிப் பாருங்கள். வழுவழுப்பாக இருந்தால் மேல்துரு, சொரசொரப்பாக இருந்தால் படிந்த துரு, நகம் குழியில் மாட்டினால் குழித்துரு. மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

2. பட்டறைக் கத்தியா, எவர்சில்வர் கத்தியா?

காந்தம் வைத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பாத்திர எவர்சில்வரில் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. ஆனால் கத்திக்குப் போடும் எவர்சில்வர் கடினப்படுத்தக்கூடிய வேறு ரகம், அதில் நன்றாகவே ஒட்டும்.

பிடியை ஒட்டிய இடத்தில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு வைத்துப் பத்து நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். கருப்புத் தழும்பு விழுந்தால் அது சாதா இரும்பு, அதாவது பட்டறைக் கத்தி. லாரிப் பட்டாவை, அதாவது லாரிக்கு அடியில் இருக்கும் வில் தகட்டை, அடித்துச் செய்த கத்தி, அருவாமனை எல்லாம் இந்த வகை. தழும்பு விழாவிட்டால் எவர்சில்வர். அதற்குப் பகுதி 10-க்குப் போங்கள். 4, 5, 8 பகுதிகள் இரண்டுக்கும் பொது.

3. எடுத்து வைக்க வேண்டியவை

பாதி வேலையில் எழுந்து போய்த் தேடினால் அந்த ஐந்து நிமிடத்தில் ஈர இரும்பு மறுபடி சிவந்துவிடும். எல்லாம் பக்கத்தில் இருக்கட்டும்.

நல்ல தண்ணீர் ஐந்து லிட்டர். சிட்ரிக் ஆசிட் 25 கிராம், மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டாலும் கொடுப்பார்கள். பெயரில்தான் உப்பு, இரும்பை அரிக்கும் குளோரைடு அதில் கிடையாது. ஆப்பசோடா ஐந்தாறு மேசைக்கரண்டி. பாத்திரம் துலக்கும் பச்சை நார் புதிதாக ஒன்று. ஹார்டுவேர் கடையில் தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் கருப்பு உப்புத்தாள், 400, 800, 1000 எண்களில் ஒவ்வொரு தாள். தூக்கி எறியப் போகும் பல் துலக்கும் பிரஷ். பருத்தித் துணி மூன்று. தேங்காய் எண்ணெய். கத்தி முழுக்கப் படுக்கும் பிளாஸ்டிக் அல்லது கண்ணாடித் தட்டு. அலுமினியத் தட்டு வேண்டாம், அமிலம் அதையும் கரைக்கும்.

துணியைப் பற்றி ஒரு வார்த்தை. கடற்காற்றில் கொடியில் நாள் முழுக்கக் கிடந்த துணியிலும், போர்த் தண்ணீரில் அலசிய துணியிலும் உப்பு இருக்கும். அதால் துடைத்தால் எடுத்த உப்பைத் திரும்பத் தேய்க்கிறோம். கத்திக்கென்று மூன்று துணியை நல்ல தண்ணீரில் அலசி, வீட்டுக்குள் காற்றாடிக்கு அடியில் காயவைத்து, மூடிய டப்பாவில் வையுங்கள்.

4. முதலில் உப்பை எடுங்கள்

துருவுக்கு அடியில்தான் உப்பு பதுங்கியிருக்கிறது. அதை எடுக்காமல் தேய்த்தால் துருத்தூளும் உப்பும் சேர்ந்து கூழாகி, சொரசொரப்பான இரும்பின் இண்டு இடுக்கில் ஏறிவிடும். மூன்றாம் நாள் திரும்பப் பிடிக்கும் துரு அங்கிருந்துதான் வருகிறது.

இந்தக் கரையில் பெரும்பாலான கிணறும் போரும் உவர்த் தண்ணீர். சோப்பு நுரைக்காது, பாத்திரம் காய்ந்தால் வெள்ளைத் திட்டு விழும். அதில் கத்தியை எத்தனை தடவை கழுவினாலும் கடைசி அலசலின் உப்பு அலகில் தங்கும். அதற்காகக் குடம் விலை கொடுத்து வாங்கும் நல்ல தண்ணீரைக் கொட்டித் தீர்க்கவும் வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கையும் மீன் வழவழப்பையும் சோப்புப் போட்டுப் போர்த் தண்ணீரிலேயே கழுவிவிடுங்கள். அதன்பின் ஒன்றரை லிட்டர் நல்ல தண்ணீரில் அரைத் தேக்கரண்டி ஆப்பசோடா கலந்து, அலகை மட்டும் ஒரு மணி நேரம் முக்கி வையுங்கள். அரை மணியில் ஒருதரம் பிரஷால் கிளறிவிடுங்கள். தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி அதேபோல் சோடா கலந்த புதுத் தண்ணீரில் அரை மணி. வெறும் தண்ணீரில் ஊறினால் இரும்பு ஊறும்போதே துருப்பிடிக்கும், சோடாவின் காரம் அதைத் தடுக்கும்.

காவிரிக் கூட்டுக் குடிநீர், மழைத் தண்ணீர் இரண்டும் இதற்கு ஏற்றவை. ஏசி வடிக்கும் தண்ணீர் குடிக்க உதவாது, ஆனால் அதில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. ஊறவைக்க அதைப் பயன்படுத்தி, கடைசியில் குடிநீரில் அலசிக்கொள்ளலாம். தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீர் மட்டும் கூடாது. உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கும்.

5. பிடியைக் காப்பாற்றுங்கள்

மரப் பிடிக்குள் போகும் இரும்பு வாலை அரக்கு வைத்து இறுக்குவது உண்டு. அரக்கு 75, 80 டிகிரிச் சூட்டில் இளகும், ஊறிய மரம் விரியும், காய்ந்தால் வெடிக்கும். கத்தியைத் தண்ணீரிலோ அமிலத்திலோ முழுசாகப் போடாதீர்கள். பிடியும் அலகும் சேரும் இடத்தைப் பாலித்தீன் தாளால் சுற்றி ரப்பர் வளையம் போட்டு, அலகை மட்டும் தட்டில் சாய்த்து வையுங்கள்.

விளிம்பில் கை படாமல் இருக்க, ஒரு சாண் பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயை நீளவாக்கில் கீறி அலகின் கூரில் மாட்டிவிடலாம். தேய்க்கும்போது கத்தியைக் கையில் தூக்கிப் பிடிக்காமல் பலகைமேல் படுக்க வைத்து, பிடிப்பக்கமிருந்து நுனிப்பக்கமாக மட்டும் தேயுங்கள். திரும்ப இழுக்கும்போதுதான் விரல் அறுபடுகிறது.

6. துருவை எடுப்பது

மேல்துருவுக்கு ஆப்பசோடா போதும். இரண்டு மேசைக்கரண்டி சோடாவில் ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு, தோசை மாவைவிடக் கெட்டியாகக் குழைத்துப் பூசி இருபது நிமிடம் விடுங்கள். பச்சை நாரால் அலகின் நீளவாக்கில் தேயுங்கள். குறுக்கே தேய்த்தால் விழும் கீறல்களில் ஈரம் தங்கும். அடுப்புச் சாம்பலைச் சலித்து, அந்த நைசுத் தூளால் தேய்த்தாலும் வேலை ஆகும். கடற்கரை மணல் மட்டும் வேண்டாம். கீறலும் போடும், அந்தக் கீறலுக்குள் உப்பையும் வைக்கும்.

படிந்த துருவுக்கு அமிலம் வேண்டும். அரை லிட்டர் வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் 25 கிராம் சிட்ரிக் ஆசிட். அலகு முழுக்க மூழ்கட்டும். பாதி மூழ்கிக் கிடந்தால் தண்ணீர் மட்டத்தில் ஒரு கோடு அரித்துவிடும், அந்தத் தழும்பு பிறகு போகாது. 20 நிமிடத்தில் எடுத்துப் பிரஷால் தேய்த்துப் பாருங்கள். இன்னும் இருந்தால் இன்னொரு 20 நிமிடம். மொத்தம் ஒரு மணி நேரத்தைத் தாண்ட விடாதீர்கள்.

இரவு ஊறட்டும், காலையில் பார்க்கலாம் என்று விடுவதுதான் மிக அதிகமான கத்திகளைக் கெடுக்கிறது. துரு தீர்ந்ததும் அமிலம் நிற்பதில்லை, நல்ல இரும்பைத் தின்னத் தொடங்கும். முதலில் போவது மெல்லிய கூர்தான். அலகிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழி விடாமல் ஏறினால் அமிலம் இரும்பைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். அப்போதே எடுத்துவிடுங்கள்.

சிட்ரிக் ஆசிட் கிடைக்காவிட்டால் கடை வினிகர் ஒன்று முதல் இரண்டு மணி நேரம். புளித் தண்ணீரிலும் அமிலம் உண்டு, துருவைக் கரைக்கும். ஆனால் வருஷத்துக்கு வாங்கி வைக்கும் புளியில் உப்புப் போட்டுத்தானே அடைக்கிறோம்? அந்தப் பழம்புளியைக் கரைத்துப் பூசினால் உப்பு பூசியதாகிவிடும். எலுமிச்சையோடு கல்லுப்புச் சேர்த்துத் தேய்ப்பதிலும் இதே கோளாறு. பித்தளைக் குத்துவிளக்குக்கு அது சரி, இரும்புக்குச் சரியில்லை. கக்கூஸ் கழுவும் ஆசிட் பக்கமே போகாதீர்கள். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். துருவை நொடியில் எடுக்கும், குளோரைடை உள்ளே வைத்துவிட்டுப் போகும். பக்கத்தில் திறந்து வைத்த பாட்டிலின் ஆவியே மற்ற இரும்புச் சாமான்களையும் துருப்பிடிக்க வைக்கும்.

அமிலத்திலிருந்து எடுத்ததும் அலகு கருப்பாக, கரி பூசியதுபோல் இருக்கும். பயப்பட வேண்டாம். பச்சை நாரில் சோடாத் தூளைத் தொட்டுத் தேய்த்தால் வந்துவிடும்.

7. குழித்துரு

குழிக்குள் நாரும் போகாது, தாளும் போகாது. குழியை முழுசாக அழிக்க வேண்டுமானால் அதன் ஆழம்வரை அலகு முழுவதையும் தேய்த்தாக வேண்டும், கத்தி காகிதமாகிவிடும். குழியை விட்டுவிட்டு அதற்குள் இருக்கும் துருவை அடக்குவதுதான் புத்தி.

முதலில் 400 உப்புத்தாளைச் சின்ன மரக்கட்டையில் சுற்றி, தண்ணீர் தொட்டு, நீளவாக்கில் தேயுங்கள். பிறகு 800, பிறகு 1000. ஒவ்வொரு தாளும் முந்தைய தாளின் கீறலை அழித்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தெரியும். நேராக 1000-இல் ஆரம்பித்தால் கை ஓயும், துரு ஓயாது. 400-இலேயே நிறுத்தினால் ஒவ்வொரு கீறலும் உப்புத் தேங்கும் வாய்க்கால்.

அடுத்தது கொதிநீர். குழியில் மிஞ்சும் செந்துருவை நல்ல தண்ணீரில் 20 நிமிடம் கொதிக்கவிட்டால் அது மெல்லக் கருந்துருவாக மாறும். செந்துரு பொருபொருவென்று ஈரத்தைப் பிடித்து வைப்பது, கருந்துரு அடர்த்தியாக இரும்போடு ஒட்டி நிற்பது. குழிக்குள் சிக்கிய உப்பும் கொதியில் வெளியே வந்துவிடும். உவர்த் தண்ணீரில் இது நடக்காது. கட்டையிலிருந்து கழற்றக்கூடிய அருவாமனை அலகு என்றால் முழுசாகப் போடலாம். பிடி உள்ள கத்தியானால் உயரமான பாத்திரத்தில் அலகு மட்டும் இறங்கும்படி கம்பியால் குறுக்கே கட்டித் தொங்கவிடுங்கள். அரக்குப் பிடி ஆவியில் வேகாதபடி நனைத்துப் பிழிந்த துணியைச் சுற்றி, ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் மாற்றுங்கள்.

வெளியே எடுத்து உலர்ந்த துணியால் துடைத்தால் மேலே தளர்ந்த கருப்பு வந்துவிடும், குழிகள் கரும்புள்ளிகளாக நிற்கும். இன்னும் செம்மை தெரிந்தால் மறுபடி ஒருதரம் கொதிக்க வையுங்கள். இரண்டு தடவையில் பெரும்பாலும் அடங்கும்.

8. அமிலத்தை முறித்து, அலசி, உலர்த்துங்கள்

இந்த இடத்தில் அவசரம் தேவை. துரு போன இரும்பு அம்மணமாக இருக்கிறது. ஈரத்தோடு வைத்தால் பத்து நிமிடத்தில், கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் நாளில் இன்னும் விரைவில், மஞ்சள் மூட்டம் போடும்.

ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி ஆப்பசோடா கரைத்து அலகை ஐந்து நிமிடம் வையுங்கள். குழியில் அமிலம் மிச்சமிருந்தால் லேசாக நுரைக்கும். நுரை நின்றபின் நல்ல தண்ணீரில் அலசுங்கள். ஒரே வாளியில் முக்கி எடுப்பதைவிட, கத்தியைச் சாய்த்துப் பிடித்து அரை டம்ளர் அரை டம்ளராக மூன்று தடவை ஊற்றுவது தண்ணீரும் மிச்சம், உப்பும் நன்றாக இறங்கும்.

உடனே துணியால் துடைத்து, கொதிக்கும் நல்ல தண்ணீரை அலகின்மேல் ஒருதரம் ஊற்றி மறுபடி துடையுங்கள். சூடான இரும்பு தன் ஈரத்தைத் தானே விரட்டும். அடுப்பில் நேராகக் காட்டுவது வேண்டாம். மெல்லிய கூர் நொடியில் சூடேறும். 220 டிகிரி வாக்கில் வைக்கோல் மஞ்சளும் 300 வாக்கில் நீலமும் ஏறும். நீலம் ஏறிய கூர் மென்மையாகிவிட்டது, எத்தனை தீட்டினாலும் நிற்காது. வெயிலில் வைக்க ஆசைப்பட்டால் முற்றத்தில் வைக்காதீர்கள், வெயிலோடு காற்றும் உப்பைக் கொண்டு வரும். வீட்டுக்குள் காற்றாடிக்கு அடியில் பத்து நிமிடம் போதும்.

9. தீட்டி, எண்ணெய் போடுங்கள்

துரு எடுத்த கத்தி கூர் மழுங்கியிருக்கும். எண்ணெய்க்கு முன் தீட்டுங்கள். 1000 எண் சாணைக்கல்லை நல்ல தண்ணீரில் நனைத்து, கத்தியின் முதுகைக் கொஞ்சம் தூக்கிப் பிடியுங்கள். நாலு சென்டிமீட்டர் அகலக் கத்திக்கு முதுகு கல்லிலிருந்து 1.2 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் சாய்வு ஏறக்குறைய 18 டிகிரி. இரண்டு பக்கமும் சம எண்ணிக்கை. தெருவில் சாணை பிடிக்க வருபவரிடம் கொடுத்தால், ஓரிரு இழுப்புக்கு ஒருதரம் தண்ணீரில் முக்கச் சொல்லுங்கள். பொறி பறக்கப் பறக்கப் பிடித்தால் மேலே சொன்ன நீலம் கூரில் ஏறிவிடும். தீட்டிய பிறகு அலசித் துடைப்பதை மறக்க வேண்டாம்.

எண்ணெயில் தேங்காய் எண்ணெய்தான் என் தேர்வு. அது எளிதில் காய்ந்து பிசினாகாது, சிக்கு வாடையும் சீக்கிரம் வராது. நல்லெண்ணெய் சில வாரத்தில் பிசுபிசுக்கும், தூசியும் உப்பும் அதில் ஒட்டும். மாதக்கணக்கில் எடுக்கப்போகாத கத்திக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் இன்னும் மேல், அது கெட்டே போகாது. தண்ணீர்போல் தெளிவாக இருப்பதை வாங்குங்கள், பால்போல் இருக்கும் கலவை வேண்டாம்.

ஒரு சாண் அலகுக்கு மூன்று நான்கு சொட்டுப் போதும். துணியால் இரண்டு பக்கமும் பரப்பி, பிறகு துணியின் உலர்ந்த பக்கத்தால் எண்ணெயே இல்லை என்று தோன்றும் அளவுக்குத் துடையுங்கள். அப்போதும் தேவையான படலம் நிற்கும். வழிய வழியப் பூசினாலும் காவல் அதிகமாகாது. பிடிக்கும் அலகுக்கும் நடுவில் இடைவெளி தெரிந்தால் தேன்மெழுகை உருக்கி விட்டு அடையுங்கள். வெளியே தெரியும் துருவைவிட அங்கே உள்ளுக்குள் வாலை அரிக்கும் துருதான் ஆபத்து.

10. எவர்சில்வர் கத்தியில் செம்புள்ளி

எவர்சில்வரைக் காப்பது அதிலுள்ள குரோமியம் காற்றோடு சேர்ந்து போடும் கண்ணுக்குத் தெரியாத படலம். கீறினாலும் அது தானே மறுபடி மூடிக்கொள்ளும், குளோரைடு மட்டும் குறுக்கே வராவிட்டால். உப்பு ஒரே இடத்தில் தேங்கினால் ஊசி குத்தியதுபோல் அரித்து உள்ளே போகும்.

பல நேரம் கத்தியே துருப்பிடித்திருக்காது. இரும்புக் கம்பி நாரால் தேய்த்தபோது ஒடிந்து ஒட்டிய துணுக்குகள் துருப்பிடித்திருக்கும். பட்டறைக் கத்தியோடு ஈரத்தில் சேர்த்துப் போட்டிருந்தாலும் இப்படிப் புள்ளி விழும். அதே 25 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைசலில் 20 நிமிடம் வைத்து, பச்சை நாரால் மெல்லத் தேய்த்து, பகுதி 8-இல் சொன்னபடி அலசி உலர்த்துங்கள். ஒட்டிய இரும்பை அமிலம் கரைத்துவிடும், குரோமியப் படலமும் ஒழுங்காக மூடிக்கொள்ளும். எண்ணெய் கட்டாயமில்லை. பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் கத்தியைப் போடுவது மட்டும் கூடவே கூடாது.

11. அருவாமனைக்கு மட்டும் உள்ள வேலை

கத்தியில் துரு கண்ணில் படும் இடத்தில் வரும். அருவாமனையில் அலகும் கட்டையும் சேரும் இடத்தில், போல்ட்டுக்கு அடியில் வரும். மீன் கழுவிய தண்ணீர் அலகு வழியாக இறங்கி அங்கேதான் போய் நிற்கிறது. மேலே பளபளப்பாகவே இருக்கும், ஒருநாள் வாளை மீனையோ பாறை மீனின் தலையையோ அழுத்தும்போது அலகு ஆடும்.

மூன்று மாதத்துக்கு ஒருதரம் போல்ட்டைக் கழற்றுங்கள். இறுகியிருந்தால் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு விடுங்கள், மறுநாள் சோப்புப் போட்டுக் கழுவிவிடலாம். அலகின் அடிப்பாகத்துக்கும் போல்ட்டுக்கும் பகுதி 4 முதல் 8 வரை செய்யுங்கள். மரக்கட்டையின் பொந்தில் உப்பு ஊறியிருக்கும். நல்ல தண்ணீரை இரண்டு மூன்று தடவை ஊற்றி வடித்து, இரண்டு நாள் நிழலில் காயவிட்டு, அதன்பிறகே மாட்டுங்கள். மாட்டும்போது உட்காரும் இரும்பில் மெழுகோ தேங்காய் எண்ணெயோ தாராளமாகத் தடவலாம், அந்த இடம் சாப்பாட்டில் படாது.

நுனியில் தேங்காய் துருவும் பல் இருந்தால் அதன் பல்லிடுக்குக்கு உப்புத்தாள் போகாது. பழைய பிரஷும் சோடாக் குழைவும்தான். துருவல் சிக்கியிருந்தால் ஈரத்தோடு உறைந்து நிற்கும், அன்றன்றே எடுத்துவிடுங்கள்.

12. அன்றாடம் செய்வது

மீன், நண்டு, கணவாய் நறுக்கியதும் கத்தியைத் தொட்டியில் போட்டுவிட்டுக் குழம்பு கூட்டப் போகாதீர்கள். குழம்பு கொதித்து இறங்கும் நேரமே இரும்புக்குப் போதும். கடற்கரையில் வாங்கிய மீன் கடல் தண்ணீரில் அலசியே வருகிறது, அதன் ஈரம் முழுக்க உப்பு. கருவாடு வெட்டிய கத்தி இன்னும் மோசம், அலகில் உப்பே தூளாக ஒட்டியிருக்கும். பத்து நிமிடத்துக்குள் சோப்புத் தண்ணீர், கடைசியாக அரை டம்ளர் நல்ல தண்ணீர், துணி. இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. பாத்திரக் கூடையில் செங்குத்தாக நிறுத்தி வடியவிடும் பழக்கத்தை விடுங்கள், தண்ணீர் பிடிக்குள்தான் இறங்கும்.

பட்டறைக் கத்திக்கு வாரம் ஒருதரம் எண்ணெய். ஆனி, ஆடியில் கச்சான் பிய்த்து அடிக்கும் நாட்களிலும், ஐப்பசி, கார்த்திகை வாடை மழையிலும் தினமும் இரவு ஒரு துடைப்பு. அந்தத் துணியை எண்ணெயோடு ஒரு சின்ன டப்பாவில் வைத்திருந்தால் வேலை எளிது.

வைக்கும் இடமும் பாருங்கள். கடலைப் பார்த்த சன்னலுக்கு நேரே வேண்டாம், அடுப்பு ஆவி ஏறும் சுவரும் வேண்டாம், உப்பு ஜாடி இருக்கும் தட்டும் வேண்டாம். உள்சுவரில் காந்தப் பட்டையில் மாட்டலாம். ஊருக்குப் போகும்போது செய்தித்தாளில் சுற்றுவது வழக்கம், காகிதம் ஈரத்தை இழுத்து அலகோடு ஒட்டவைக்கும். பாலித்தீன் உறைக்குள் போட்டால் வியர்க்கும். லிக்விட் பாரஃபின் தொட்ட பருத்தித் துணியில் சுற்றி, இறுக மூடும் எவர்சில்வர் டப்பாவில், புதுச் செருப்பு டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டோடு வையுங்கள்.

13. காப்பாற்ற வேண்டாத கத்தி

பிடியைப் பிடித்து அலகை லேசாக அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்து, பிடியின் வாயில் செந்தூளும் கொட்டினால் உள்ளே வால் மெலிந்துவிட்டது. பட்டறையில் பிடியைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். வால் பாதித் தடிமனுக்குக் கீழே போயிருந்தால் புதுப் பிடி போட்டும் பயனில்லை, முள் வெட்டும்போது ஒடியும். கூரிலேயே குழி விழுந்திருந்தால், குழி தீரும்வரை சாணையில் இழுத்துப் புதுக் கூர் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். அலகில் இரண்டு விரல் அகலம் மிஞ்சினால் காய்கறிக்கு ஆகும், மீனுக்கு ஆகாது. போல்ட் ஓட்டையிலிருந்து கீறல் ஓடும் அருவாமனை அலகை எதற்கும் வைத்துக்கொள்ளாதீர்கள். கூரில் குழாயை மாட்டிக் கட்டி, பழைய இரும்புக்காரரிடம் கையில் கொடுத்துவிடுங்கள்.